எரிந்த கட்சிக்காரரின் டேப்பு

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருபத்திரண்டு வருடமாகப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரோடுதான் கொழும்புக்குப் போய் இறங்கினேன்.

அழைத்தவர் குகன். வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், படம் எடுப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒருகாலத்தில் பாடிவிட்டு, பிழைப்புக்காகக் கொழும்புப் பக்கம் வந்து சேர்ந்த வயதான பாட்டுக்காரர்கள் ஒன்பது பேரை அவர் தேடிப் பிடித்திருந்தார். அவர்களை ஒரே மேடையில் ஏற்றி ஒரு கச்சேரி. அந்தக் கச்சேரியும் அதற்கு முந்தைய நாட்களும் சேர்ந்து ஒரு ஆவணப்படம். "அக்கா, சத்தம்தான் இந்தப் படத்துக்கு உயிர். நீங்கள் வராட்டில் நான் இதை எடுக்கவே மாட்டன்" என்றார் தொலைபேசியில். இப்படியெல்லாம் யாராவது சொன்னால் நான் உருகிவிடுவேன். கோவில்பட்டிக்காரிக்குப் புகழ்ச்சி என்றால் அவ்வளவு இஷ்டம்.

முதல் நாளே போலீஸ். ஓட்டோவில் என் மைக் கம்பு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் காற்றுச் சத்தத்துக்காக மாட்டிய சாம்பல் நிற ரோம உறை. காலி வீதியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, அந்த உறையைக் குனிந்து பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். குகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது என்ன மிருகம் எண்டு கேக்கிறார்" என்றார். பிறகு இருவரும் சிங்களத்தில் அரட்டை அடித்தார்கள். போலீஸ்காரரின் தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவராம். கடைசியில் அவர் அந்த ரோமத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எங்களை அனுப்பினார். ஊரில் என்றால் இந்நேரம் லைசென்ஸ், ஆர்.சி. புக் எல்லாம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. கடைக்குள் நுழைந்தால் இடியப்பம், சம்பல், சொதி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டுப் பெரிய ஆரவாரத்தோடு வைப்பார்கள். இங்கே அது தினப்படி சமாச்சாரம். மஞ்சளாக, தண்ணியாக, ஒன்றுமே இல்லாத மாதிரி கிண்ணத்தில் வருகிறது. வாயில் வைத்தால் விடுகிற மாதிரி இல்லை. மூன்று கிண்ணம் குடித்தேன். பரிமாறியவர், "இன்னும் கொஞ்சம் விடட்டோ அம்மா?" என்று கேட்டபோது வெட்கத்தை விட்டுக் கிண்ணத்தை நீட்டினேன்.

இரண்டாம் நாள், அந்த ஒன்பது பேரில் ஒருவரான வீரமுத்துவைப் பார்க்க ஹெந்தளைக்குப் போனோம். புறக்கோட்டையில் பஸ் ஏறினோம். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று நடத்துநர் எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். முன்னால் போக இனி டிரைவர் மடிதான் பாக்கி. நான் மைக் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றவாறே தூங்கிப்போக, குகன் போனில் மூழ்க, இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. வெயிலில் திரும்பி நடந்தோம். வழியில் மீன் விற்ற ஒரு பெண்ணிடம் வீரமுத்து வீடு எது என்று குகன் சிங்களத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்த்துத் தமிழிலேயே, "பாடாத பாட்டுக்காரர் வீடா? பச்சை கேட்" என்றாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாடாத பாட்டுக்காரரா? நான் கடல் தாண்டி வந்ததே இவர் பாடுவதைப் பதிவு செய்யத்தானே!

வீரமுத்துவுக்கு எழுபத்தாறு வயது. ஒரு பண்டகசாலையில் காவல்காரராக இருந்து ஓய்ந்தவர். மெலிந்த உடம்பு, பெரிய காது, சலவைச் சட்டை. மனைவி பாக்கியம் அவரைவிட இரண்டு மடங்கு சத்தமானவர். மைக்கை மாட்டிவிட்டு, "அளவு பார்க்க ஒரு வரி பாடுங்க ஐயா" என்றேன்.

"பாட்டு வராதுங்க. வேணும்னா ஒன்னுலேருந்து நூறு வரைக்கும் எண்ணிக் காட்டுறேன்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே எண்ண ஆரம்பித்துவிட்டார். நாற்பதில் நான்தான் நிறுத்தினேன்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மன்மதனை எரித்த, பிறகு மனைவி ரதிக்காக அவன் உருவமில்லாமல் மீண்டு வந்த கதை. அந்த நாட்களில் லாவணியும் உண்டு. மன்மதன் எரிந்தே போனான் என்று பாடுகிறவர்கள் எரிந்த கட்சி. எரியவே இல்லை என்று பாடுகிறவர்கள் எரியாத கட்சி. நடுவில் காமன் கம்பு, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு டேப்பு. டேப்பு என்பது ஒரு கையில் பிடித்து மறு கை விரலால் அடிக்கிற வட்டமான சின்னத் தோல் வாத்தியம். ஒருவர் பாட்டிலேயே கேள்வி கேட்க, மற்றவர் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். வீரமுத்து எரிந்த கட்சி. எதிரே எப்போதும் எரியாத கட்சி மாரியப்பன், நாலு வயது மூத்தவர்.

"ஒரு வருசம் மாரியண்ணன் ஒரு கேள்வி கேட்டாரு. என் நாக்கு ஒட்டிக்கிச்சு. மொத்தத் தோட்டமும் பாத்துக்கிட்டிருக்கு. ஒரு வார்த்தை வரல்ல."

அந்தத் தோட்டத்து வழக்கம் கறாரானது. பதில் தெரியாதவர் தம் டேப்பை எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும். அதை மீட்கிறவரை வாயைத் திறந்து பாடக் கூடாது. மீட்பதற்கு ஒரே வழிதான். அடுத்த மாசியில், சபையில், அதே கேள்வி எதிர்ப் பக்கத்திலிருந்து மறுபடி வர வேண்டும். தன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த மாசிக்குள் மாரியப்பன் துறைமுகத்தில் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்துவிட்டார். பின்னாலேயே வீரமுத்துவும் வந்தார். சபையும் இல்லை, கேள்வியும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மனிதர் தாலாட்டுகூடப் பாடவில்லை.

"பதில் தெரியாமலா இத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டேன். நாக்கில் சனி.

"எட்டாம் நாளே தெரிஞ்சிருச்சுங்க" என்றார் அமைதியாக.

பாக்கியம் குறுக்கே பாய்ந்தார். "அத நான் சொல்றேன். ஒத்திகை ஒத்திகைன்னு ஒரு மாசமா இந்த மனுசன் வீட்டுப் பக்கமே வரல்ல. கூத்து அன்னிக்குப் பெரிய சண்ட. நான் பாதிச் சண்டையில கெளம்பி எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். எட்டு நாள் கழிச்சு வந்தேன். வாசல்ல நின்னு, விட்ட எடத்துலேருந்து மறுபடி திட்டத் தொடங்குறேன், இவரு 'கெடைச்சிருச்சு, கெடைச்சிருச்சு'ன்னு கையத் தட்டிக் குதிக்கிறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு மறுபடியும் பொட்டியத் தூக்கியிருப்பேன்."

"என்ன பதில்னு உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"ம்ஹூம். சபையிலதான் சொல்லுவாராம். அன்னிலேருந்து கேக்குறேன்."

மாரியப்பன் இருக்கும் கொட்டாஞ்சேனை அங்கிருந்து ஒரு பஸ் தூரம். நேரே போய் மாரியப்பனிடமே சொல்லிவிட்டு டேப்பை வாங்கி வந்திருக்கலாமே என்றார் குகன். வீரமுத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சபையில தோத்தவன் வீட்டுக்குப் போயிக் காதுலயா தம்பி சொல்றது? அந்தச் சந்தி வழியா எத்தினியோ தடவ பஸ்ஸுல போயிருக்கேன். எறங்குனதில்ல. என் மானம் அங்க ஒரு செவுத்துல ஆணியில தொங்குது. அதப் பாக்கவா போறது?"

திரும்பும் வழியில் குகன் துள்ளிக்கொண்டு வந்தார். "அக்கா, விளங்குதோ? எங்கட கச்சேரிதான் அந்தச் சபை, மாசமும் மாசிதான்! அந்தாள் அதுக்காகத்தான் ஓம் எண்டு சொன்னவர்." மேடையில் இருவரும் கட்டிப்பிடிக்கிற காட்சியை அப்போதே மனதில் எடுத்து முடித்துவிட்டார். எனக்கோ அந்தப் பெரிய காதும், நாற்பது வரை எண்ணிய குரலும்தான். எண்ணியபோதே அந்தக் குரலில் தாளம் இருந்தது.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனை. ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் தேவாலய மணி, நடுவில் லாரிகள். ஒலிப்பதிவுக்காரிக்கு நரகம்; ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. மூன்று மாடி ஏறியதும் மாரியப்பனின் மகள் லெட்சுமி கதவைத் திறந்தார். மீன் பணிஸும் ப்ளேன்டீயும் வந்தன. ஊரில் பன்னுக்குள் தேங்காய்ப்பூ வைப்போம். இவர்கள் மீனை வைக்கிறார்கள். முதல் கடியில் திகைத்தேன், இரண்டாவதற்கு நானே கை நீட்டினேன்.

மாரியப்பன் எண்பது வயதிலும் கருங்கல் மாதிரி இருந்தார். "வாங்க வாங்க, எந்தத் தோட்டம்?" என்று என்னைக் கைகூப்பி வரவேற்றார். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். தேநீர் ஆறுவதற்குள் மறுபடி, "வாங்க வாங்க, எந்தத் தோட்டம்?" என்றார். அரை மணி நேரத்தில் ஐந்து முறை வரவேற்றார். ஐந்து முறையும் அதே சந்தோஷம்.

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு வருசமா இப்பிடித்தான். போன்ல கொஞ்சம் மறதின்னு சொன்னேன். கூட்டிக்கிட்டுப் போகாம விட்டுருவீங்களோன்னு பயம்."

"ஐயா, வீரமுத்துவைத் தெரியுமோ?" என்று குகன் கேட்டார்.

"வீராவா? ஏன் தெரியாம? பெரிய கெட்டிக்காரன்!" முகம் முழுக்க வெளிச்சம். குகன் தன் போனில் முந்தின நாள் எடுத்த வீரமுத்துவின் படத்தைக் காட்டினார். கூர்ந்து பார்த்துவிட்டு, "யாரு இந்தக் கெழவன்?" என்றார்.

அந்தக் கேள்வி? "கேட்டேனே... பெரிய கேள்வி. என்னமோ கேட்டேன்..." விரல்கள் தொடையில் தட்டின. உதடு அசைந்தது. எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எதைத் தேடினார் என்பதையே மறந்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

சுவரில் ஆணியில், தலையணை உறை போட்டு, டேப்பு தொங்கியது. "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எறக்கித் தொடச்சு வெயில்ல வைப்பாரு. என் மகன் பேரு மறந்திருச்சு, இது மறக்கல்ல" என்றார் லெட்சுமி. நான் உறையைத் தொடப் போனேன். "தொடாதீங்க!" என்று மாரியப்பன் அதட்டினார். கையை இழுத்துக்கொண்டேன். ஜெயித்தவரின் பெருமை இந்த வயதிலும் எப்படி இருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

படி இறங்கினோம். கேட்டவருக்குக் கேள்வி மறந்துவிட்டது. கேள்வி வராமல் பதில் சொல்ல முடியாது. வீரமுத்துவுக்குக் கேள்வி எழுத்துக்கு எழுத்துத் தெரியும். ஆனால் அவர் எரிந்த கட்சி. எரியாத கட்சிப் பாட்டை வாயால் தொடவே மாட்டார் என்று பாக்கியம் சொல்லியிருந்தார். அன்றைய கொத்து ரொட்டி எனக்கு இறங்கவில்லை. எனக்கே இறங்கவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

நான்காம் நாள் ஒத்திகை. கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபம். பின்னால் ரயில் பாதை. ரயில் போகும் நேரத்தையெல்லாம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். குகன் மேடை நடுவில் இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு விளக்கை அமைத்திருந்தார். வீரமுத்து வந்து பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "எதிர்க்கட்சிக்காரன் மடியிலயா ஒக்கார வப்பீங்க?" நாற்காலிகளை மேடையின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளி, நடுவில் ஒரு கம்பை நட்ட பிறகுதான் படியேறினார்.

மாரியப்பன் எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் உறை போட்ட டேப்பு. வீரமுத்து அவரை நேராகப் பார்த்துக் கைகூப்பினார். முப்பது வருடத்துக்கு மேல் இதற்காகக் காத்திருந்தவர்.

"வாங்க ஐயா, ஒக்காருங்க. எந்தத் தோட்டம்?" என்றார் மாரியப்பன்.

வீரமுத்துவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. லெட்சுமி பக்கத்தில் போய் விவரம் சொன்னார். கேட்டுக்கொண்டே அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

அப்போதுதான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "ஐயா, ஒரு வழி இருக்கு. நீங்க அந்தக் கேள்வியை எனக்கு மெதுவாச் சொல்லுங்க. நான் பதிவு பண்ணி, நாளைக்கு அவர் காதில் ஒரு சின்னக் கருவி மாட்டி ஓட விடுறேன். அவர் அதைக் கேட்டு அப்படியே பாடிடுவார். சபைக்குத் தெரியாது."

அவர் எழுந்தார். குரல் உயரவில்லை. "கொப்பி அடிக்கச் சொல்றீங்களா பாப்பா? அவரு தோத்ததில்ல. அவர ஏமாத்தி நான் ஜெயிக்கவா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஐம்பது வயதில் ஒரு வார்த்தையால் இப்படிக் கூனிக் குறுகியதில்லை. குகன், "பரவாயில்லை அக்கா" என்றார். பரவாயில்லை என்று அவர் முகம் சொல்லவில்லை.

பாக்கியம் மட்டும் அசையாமல் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டு முடித்தார். கணவருக்கு இரண்டைத் தாளில் சுற்றிப் பையில் போட்டார். "கோவிச்சிக்கிட்டுப் போறது எங்க வீட்டுல புதுசா? நாளைக்கு வருவாரு. நீங்க மைக்க ஒழுங்கா வைங்க" என்றார்.

ஐந்தாம் நாள் மாலை நாலு மணிக்குக் கச்சேரி. மண்டபம் நிறைந்துவிட்டது. கிராண்ட்பாஸிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முன்வரிசையில் வெள்ளவத்தைக்காரர்கள் பட்டுச் சேலையில் கொஞ்சம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பாக்கியம் ஏறினார். மைக்கைப் பார்த்து, "இது எதுக்கு?" என்று தள்ளி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கிற பாட்டு ஒன்றை எடுத்தார். என் கருவியில் முள் சிவப்பைத் தொட்டுத் திரும்பியது. எதிர்மலையில் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை. கூரை எங்கே போய்விடுமோ என்று அண்ணாந்து பார்த்தேன். பட்டுச் சேலைகளின் விறைப்பு ஒரே பாட்டில் போனது.

வீரமுத்து வந்திருந்தார். என்னைப் பார்க்காமல் கடந்து போய் மேடையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். வலது ஓரத்தில் லெட்சுமி தன் அப்பாவை உட்கார வைத்து, டேப்பின் உறையைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

மாரியப்பன் டேப்பைத் தடவினார். சபையைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் காத்திருந்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரோ இருமினார்கள். கேமராவுக்குப் பின்னால் குகன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வீரமுத்து காமன் கம்பையே பார்த்தபடி இருந்தார்.

அப்போது சபையிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. மைக் வேண்டாத குரல்.

"கேள்வி அந்தப் பக்கத்துலேருந்து வரணும்னுதானே வழக்கம்? எந்த வாயிலேருந்துன்னு யாரு சொன்னா?"

வீரமுத்து நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து, கம்பைத் தாண்டி, மேடையின் குறுக்கே நடந்தார். பன்னிரண்டு அடி இருக்கும். தோட்டத்துச் சனம் மூச்சை இழுத்த சத்தம் என் காதுக்குள் கேட்டது. எரிந்த கட்சிக்காரர் எரியாத கட்சிப் பக்கம் போய், மாரியப்பனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தான் விட்டுவந்த காலி நாற்காலியைப் பார்த்துப் பாடினார்.

"உடம்பிழந்து போன மன்னன் உருவமற்று வந்தானே,
உன் வாயால் நீ சொன்னாயே, ஒத்துக்கொண்டேன் கேளு தம்பி!
முகமுமில்லை நிறமுமில்லை, முன்னே நின்றால் தெரியவில்லை,
மன்மதன்தான் இவனென்று மங்கை ரதி கண்டதெப்படி?"

அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பெரிய குரல்களுக்கு மைக் பிடித்திருக்கிறேன். இது வேறு. முப்பது வருடத்துக்கு மேல் மூடி வைத்திருந்த தொண்டை முதல் சொல்லில் கரகரத்தது, இரண்டாம் வரியில் வழிவிட்டது, மூன்றாம் வரியில் ஆளையே தூக்கியது. ஒலி அளவைத் திருத்த வேண்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாம் வரியிலேயே டேப்பு பேச ஆரம்பித்திருந்தது. மாரியப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேள்வி மறந்திருந்தது, விரலுக்கு அடி மறக்கவில்லை. கடைசி வரியில் அவர் வைத்த முத்தாய்ப்பில் மண்டபமே அதிர்ந்தது.

வீரமுத்து எழுந்தார். மறுபடி கம்பைத் தாண்டி நடந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே பார்த்துப் பதிலைப் பாடினார். மாரியப்பனின் டேப்பு நிற்காமல் கூடவே வந்தது.

"கோபத்திலே போன மன்னன் கூறிவந்த பாதிப் பேச்சு
தீ மூண்டு போனதாலே தெருவினிலே நின்னு போச்சு;
மீண்டு வந்து மீதிப் பேச்சை விட்ட இடம் தொட்டுப் பேச,
ஆண்டவனும் அறியாததை அவளறிஞ்சாள், அண்ணே கேளு!"

பாக்கியம் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்று தான் திட்டிய திட்டுக்கு இத்தனை வருடம் கழித்து அர்த்தம் தெரிந்திருக்கிறது.

"பதிலு சரி!" என்றார் மாரியப்பன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. சபை எழுந்து ஆரவாரம் செய்தது. எனக்குக் கண் மறைத்தது. ஹெட்போனுக்குள் கைதட்டல் மழையாகக் கொட்டியது.

வீரமுத்து இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு மாரியப்பன் முன்னால் போய் நின்றார். மாரியப்பன் டேப்பை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"இத ஒங்களுக்குக் குடுக்க ஏலாதுங்க" என்றார் மரியாதையாக. "இது வீராவோடது. அவன் சாமான். அவன் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

கைதட்டல் முன்வரிசையிலிருந்து மெல்ல மெல்ல அடங்கியது. கொட்டாஞ்சேனையில் அவர் என்னை அதட்டியது நினைவுக்கு வந்தது. பெருமை என்று நினைத்தேனே, எவ்வளவு பெரிய முட்டாள் நான். வெள்ளிக்கிழமை தவறாமல் இவர் துடைத்து வெயிலில் வைத்தது அடுத்தவர் பொருளை.

நான்தான் வீரா என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். குகன் கேமராவோடு முன்னால் நகர்ந்தார். வீரமுத்து சொல்லவில்லை. ஏந்திய கை ஏந்தியபடி இருக்க, "அவரு வருவாருங்களா?" என்று கேட்டார்.

"வராம? கெட்டிக்காரன். அன்னிக்கு என்னா, பாவம், அவன் பொஞ்சாதி கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா. மனசு அங்க கெடந்துச்சு. அவ திரும்பி வந்தான்னா இவனும் பதிலோட வந்துருவான்."

"அவ வந்துட்டாங்க" என்றார் வீரமுத்து. திரும்பிப் பாக்கியத்தைப் பார்த்தார்.

"வந்துட்டாளா!" மாரியப்பன் முகம் மலர்ந்தது. "அப்ப இன்னிக்கோ நாளைக்கோ வந்துருவான்." கொஞ்சம் யோசித்தார். டேப்பைப் பார்த்தார், எதிரே நின்றவரின் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக நீட்டினார். "அது வரைக்கும் நீங்க அடிங்க. சும்மா கெடந்தா தோலு செத்துப் போயிரும். பத்திரம்."

வீரமுத்து தம் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். அதே நேரம் பின்னால் ஐந்தே கால் ரயில் தடதடத்து வந்தது. உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தும் மறந்துபோயிருந்தேன். அது அப்படியே பதிவாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாரியப்பன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னது, அவர் சட்டையில் நான் மாட்டியிருந்த மைக் வழியாக என் காதில் மட்டும் விழுந்தது.

"யாரு லெட்சுமி இவரு? நல்லா அடிக்கிறாரே. வீரா வந்த ஒடனே சொல்லணும், இவரோட ஒரு கை பாக்கச் சொல்லி."